கதவு திறக்கும் விதம்

“அடுத்தது அந்த டை கட்டினவர்தான், பாருங்களேன்” என்றாள் என் மனைவி.

அவசரப் பிரிவின் கதவு திறந்தது. டை கட்டியவர் உள்ளே போனார்.

நாங்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம். அவர் வந்து, கையில் வாங்கிய காபிகூட ஆறியிருக்காது.

வீட்டில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். எதிர்வீட்டுக்கு வந்த பார்சலில் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டே பாலைப் பொங்கவிடுகிற ரகம். ஆஸ்பத்திரிக்கு வந்தும் அந்தக் குணம் அடங்கவில்லை. இந்தக் கதவு எதைப் பார்த்துத் திறக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

எனக்கு அந்த ஆராய்ச்சியில் மனம் போகவில்லை. விடியும்போது ஆரம்பித்த நெஞ்சு பாரம். முதலில் கல்லை ஏற்றி வைத்த மாதிரி. பிறகு தாடை வரைக்கும் ஓர் இழுப்பு. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸ்தான் யார் முதலில், யார் பிறகு என்று பிரித்து அனுப்புகிறவர். அவரிடம் ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னோம்.

“வாயுவா இருக்கும். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. உட்காருங்க, கூப்பிடறோம்.”

உட்கார்ந்தோம். கூப்பிடவில்லை.

நான் சண்டைக்கு எழுந்தபோதெல்லாம் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“கத்தினா செக்யூரிட்டிதான் வருவாரு. டாக்டர் வரமாட்டாரு.”

காரில் வருகிறவர்களுக்குத்தான் கதவு திறக்கிறது என்பது அவளுடைய முதல் முடிவு. ஆட்டோவில் வந்த ஒரு கொத்தனார் அதைக் கெடுத்தார். தோளைப் பிடித்தபடி வாசல் தூணில் சாய்ந்தார். சக்கர நாற்காலி அவரைத் தேடிக்கொண்டு வந்தது.

பிறகு, சிபாரிசு என்று நினைத்தாள். எங்கள் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு மருந்துக் கிடங்கில் தம்பி முறையில் ஒருவர் இருந்தார். அவர் வந்து நர்ஸிடம் குனிந்து ஏதோ சொன்னார். அக்காவுக்கு ஃபேனுக்குக் கீழே நாற்காலி கிடைத்தது. கதவு திறக்கவில்லை.

சத்தம் போடுகிறவர்களுக்கோ என்றும் பார்த்தாள். முன்வரிசையில் ஒரு டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். “ஏம்மா, ஊரைக் கூட்டாதீங்க” என்று மேசையிலிருந்து பதில் வந்தது. அதற்குப் பிறகு டீச்சர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

“அப்ப காரும் இல்ல, ஆளும் இல்ல, சத்தமும் இல்ல.” குறுக்கெழுத்தில் ஒரே ஒரு கட்டம் பாக்கி இருப்பவள்போல் நெற்றியைச் சுருக்கினாள்.

“நீ கொஞ்சம் சும்மா இரேன்” என்றேன்.

“சும்மா இருந்தா சும்மாவேதான் இருக்கணும்.”

மதியம் டியூட்டி மாறியது. காலையில் இருந்த நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். புதியவர் ஒருவர் வந்து மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கடைசிக் கட்டமும் நிரம்பிவிட்டது என்பது என் மனைவியின் முகத்தில் தெரிந்தது.

“போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க. துடைக்காதீங்க. மேல் பட்டனைக் கழட்டி விடுங்க.”

கழுவிவிட்டு வந்து நின்றேன். நான் பிளம்பர். எதன் முன்னால் நின்றாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பது தொழில் கொடுத்த பழக்கம்.

“இடுப்புல கையை வச்சிக்கிட்டு நின்னா எவன் நம்புவான்? நெஞ்சுல வைங்க.”

வைத்தேன். என் தோளை அணைத்தபடி மேசையை நோக்கி நடத்திக்கொண்டு போனாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அலறி நான் கேட்டதில்லை.

“சிஸ்டர்! நெஞ்சு வலி!”

நர்ஸ் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. சக்கர நாற்காலி என் முழங்காலுக்குப் பின்னால் வந்து இடித்தது. கதவு இரண்டு பக்கமும் திறந்தது. கூட வருகிறவர்தானே என்று அவளையும் யாரும் தடுக்கவில்லை.

உள்ளே ஒரு டாக்டரம்மா என் சட்டையின் மற்ற பட்டன்களை அவிழ்த்தார். இன்னொருவர் ஈ.சி.ஜி. வயர்களோடு என்மேல் குனிந்தார்.

என் மனைவி தன் கைப்பையை என் மடியில் வைத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். காலியாக இருந்த கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிப் படுத்தாள்.

“அவரை விடுங்க டாக்டர். அவருக்கு ஒண்ணுமில்ல. காலையிலேருந்து வலி எனக்கு.”

யாரும் அசையவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, பட்டன்களைப் போட்டுக்கொண்ட பிறகுதான் நம்பினார்கள். வயர்கள் அவள் பக்கம் போயின.

“ஒரு சந்தேகம் டாக்டர்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “ஆம்பளை நெஞ்சைப் பிடிச்சா அது நெஞ்சு வலி. பொம்பளை பிடிச்சா மட்டும் எப்படி வாயு ஆகுது?”

டாக்டரம்மா ஈ.சி.ஜி.யை ஓடவிட்டார். இயந்திரத்திலிருந்து வந்த தாளைப் பார்த்தார். அதைத் தூக்கி வெளிச்சத்தில் மறுபடி பார்த்தார். பிறகு, கதவுக்கு வெளியேயும் கேட்கும்படி ஆட்களைக் கூவிக் கூப்பிட்டார்.

நாலா பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். என்னைச் சுவரோரம் தள்ளினார்கள்.

அத்தனை கைகளுக்கும் நடுவில், தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, டாக்டரம்மா பிடித்திருந்த தாளில் என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள் என் மனைவி.