நாலு மணி மிஸ்டு கால்

"கூப்பிடறது யாருன்னு பாலக்கோடு ஆபீஸ் போன்ல மட்டும் தெரியக் கூடாதும்மா" என்றார் காளியப்பன்.

போன் மாட்ட வந்த தமிழ்மணிக்குச் சிரிப்பு வந்தது. "இன்டர்நெட் போன் போடறதே அதுக்குத்தானுங்க சார். உங்க கம்பெனி சிம் எல்லாத்தையும் பேரோட ஏத்தியாச்சு. இனி மூணு ஊர் ஆபீஸ்லயும் ஸ்கிரீன்ல பேர் வரும்."

தக்காளி விவசாயிகள் சேர்ந்து நடத்தும் சின்னக் கம்பெனி அது. பாலக்கோட்டில் தலைமை ஆபீஸ். மாரண்டஹள்ளியிலும் அரூரிலும் கிளைகள். மாரண்டஹள்ளிக் கிளையின் மேனேஜர் காளியப்பன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பாலக்கோட்டுல போன் எடுக்கிற ராமக்காவுக்கு ஒரே பையன், மாதேஷ். இங்கதான் வேலை செஞ்சான். அழுகின தக்காளிய லோடுல ஏத்திட்டான்னு நாலு பேரு முன்னாடி கை நீட்டிட்டேன். ரோஷக்காரன். ஊரை விட்டே போயிட்டான்."

"அய்யோ. அப்புறம் தகவலே இல்லீங்களா?"

"தெனமும் நாலு மணிக்கு ஆபீஸ் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பான். நல்லா இருக்கேன்னு ஆத்தாளுக்குச் சேதி. மூணு மாசத்துல அதுவும் நின்னுபோச்சு. அந்தம்மா சோறு தண்ணி இல்லாம போன்கிட்டயே உக்காந்துடுச்சு. பாக்க முடியலம்மா. கம்பெனி சிம் ஒண்ணை எடுத்து நானே அடிச்சேன். ரெண்டு வருஷமா அடிக்கிறேன்."

தமிழ்மணி கையிலிருந்த புதுப் போனைப் பார்த்தாள். பழைய போனில் மணி மட்டும்தான் கேட்கும். நாளைக்குப் புதுப் போனில் 'காளியப்பன்' என்று வந்து நின்றால், பெற்ற வயிறு என்ன பாடுபடும்?

"பேரை மறைச்சாலும் நம்பர் வந்துடும் சார்."

"அப்ப அந்த நம்பருக்கு மாதேஷ்னு பேரு போட்டுடும்மா. எழுத்துக் கூட்டிப் படிக்கும் அந்தம்மா."

"பொய்ப் பேரு போடக் கூடாதுங்க சார்."

"அவன் திரும்பி வர்ற வரைக்கும்தான்." அவர் கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பாலக்கோடு ஆபீசில் போனை மாட்டி முடிக்கும்போது மணி நாலு. போன் ஒரு முறை அடித்து ஓய்ந்தது. ஸ்கிரீனில் 'மாதேஷ்' என்று எழுத்து நின்றது. ராமக்கா உதடு அசைய அதைப் படித்தாள். முந்தானையால் ஸ்கிரீனைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

தமிழ்மணிக்குக் குற்றம் செய்தவள்போல் இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "பையனுங்களாம்மா?" என்றாள்.

ஆபீசில் இருந்த மற்றவர்கள் டீ குடிக்க வெளியே போகும்வரை ராமக்கா காத்திருந்தாள். பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அவன் போய்ச் சேந்துட்டான் கண்ணு. கூட வேலை செஞ்ச பையன் சாம்பலை வூட்டுக்கே கொண்டாந்து குடுத்தான். தீர்த்தமலைக்குச் சாமி கும்பிடப் போறேன்னு லீவு சொல்லிட்டுப் போயி, ஆத்துல கரைச்சிட்டு வந்து ரெண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறமும் நாலு மணிக்கு மணி அடிச்சப்பவே யாருன்னு புரிஞ்சுபோச்சு. இந்தப் பேரை மட்டும் எடுத்துடாத. அன்னிக்குக் கை நீட்டுன பாவத்துக்குக் காளியப்பன் சாரு இன்னும் மணி அடிச்சிக்கிட்டு இருக்காரு. அவன் செத்துட்டான்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு."