திருஷ்டி உப்பு

தலைமையாசிரியையின் மேசையில் மிருதுளாவின் டிபன் பாக்ஸ் திறந்து கிடந்தது. உள்ளே எண்ணெய் மினுங்கும் உருளைக்கிழங்கு வறுவல். அந்தப் பள்ளியில் வறுவலுக்குத் தடை. ஓரத்தில் எடை பார்க்கும் மெஷின். நேற்று எட்டாம் வகுப்பே பார்க்க அவளை அதில் ஏற்றி, எடையைச் சத்தமாகச் சொல்லியிருந்தார்கள்.

“வயசுக்கு மீறின குண்டும்மா. நாளைக்கு சுகர் வந்தா நீங்கதான் அழுவீங்க,” என்றார் தலைமையாசிரியை.

“எம்பொண்ணு என்ன திங்கணும்னு எனக்குத் தெரியும். நீங்க பாடத்தைப் பாருங்க,” என்றாள் அம்மா. “ஊரைக் கூட்டி வெச்சு புள்ள மேல கண்ணு போட்டுட்டு, பேச்சு வேற.”

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் கொண்டுவந்திருந்தாள். அங்கேயே மகளை நிறுத்தி, கண்ணேறு கழிய அவற்றை அவள் தலையைச் சுற்றினாள்.

“இது ஸ்கூல். இதெல்லாம் இங்க கூடாது.”

“கண்ணு போடறப்ப தெரியலையா ஸ்கூல்னு?” உப்பு இருந்த கையை மகளின் வாயருகே நீட்டினாள். “துப்புடி. மூணு தரம்.”

மிருதுளா அந்தக் கையைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். பிறகு குனிந்து, வறுவலின் மேல் மூன்று தரம் துப்பினாள். டிபன் பாக்ஸை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள்.

“இப்ப ரெண்டு பேரும் சாப்பிடுங்க.”