ஏழாவது மூடி

குருநகரின் அந்தக் குறுகிய ஒழுங்கையில் ஆறு பெண்களும் பேசி வைத்திருந்தார்கள். எந்த வீட்டில் புருஷன் கை ஓங்கினாலும் அவள் சட்டிமூடியைத் தட்ட வேண்டும். மற்றவர்கள் தங்கள் மூடிகளைத் தட்டிக்கொண்டு ஓடிவர வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு ஷெரோனின் புருஷன் றோய் கை ஓங்கினான். ஷெரோன் நண்டுக்கறிச் சட்டியின் மூடியைத் தட்டினாள். ஒழுங்கையே அதிர்ந்தது. ஐந்து பேரும் வந்து அவளைச் சுற்றி நின்றதும் றோய் பின்கதவால் ஓடினான். அவர்களோடு பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதி, வரும் வழியில் ஐஸ்கிறீமும் குடித்து, சிரித்துக்கொண்டே திரும்பினாள் ஷெரோன்.

"திரேசக்கா, நாங்கள் ஆறு பேர். ஏழு மூடியெல்லோ கேட்டது?"

"ஓமடி. கடைசி வீட்டிலையிருந்து," என்றாள் ஐவரில் மூத்தவளான திரேசக்கா.

அது பூட்டிக் கிடக்கும் வீடு. லூர்த்தம்மாவை அங்கே அவள் புருஷன் அடித்துக் கொன்று ஒன்பது வருடம். அன்று அவள் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் போகவில்லை. பைலாப் பாட்டு என்றால் முதல் ஆளாக ஆட இறங்குபவள் லூர்த்தம்மா.

ஷெரோன் மூடியில் பைலாத் தாளம் போட்டாள். மற்றவர்களும் தட்டித் தட்டி ஆடினார்கள். களைத்துப்போய் ஆறு பேரும் நிறுத்தினார்கள்.

தாளம் நிற்கவில்லை.

"லூர்த்தம்மாவுக்கு இன்னும் களைக்கேல்லை," என்று திரேசக்கா மறுபடி மூடியை எடுத்தாள்.