இரண்டாம் போர்ட்டின் மணி

யூனிக்ஸ் கணினி ஒன்றின் முதுகில் வெளிக் கருவிகளைச் செருகும் இரண்டு சீரியல் போர்ட்டுகள் இருந்தன. முதலாவதில் தொலைபேசி வழியே வெளியுலகத்தோடு பேசும் மோடம், இரண்டாவதில் எடை மெஷின். செட்டிங் போட்ட பொறியாளர் இரண்டுக்கும் சேர்த்து கணினியைக் கூப்பிட ஒரே மணியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யார் அடித்தாலும், வந்த தகவலை வாங்கிப்போக வேண்டிய டிரைவர் மென்பொருள் ஓடிவந்து மோடம் வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். இரண்டாம் போர்ட் ஏந்தி நிற்கும் எடைக் கணக்கை அடுத்த கணக்கு வந்து கீழே தள்ளிவிடும்.

"அண்ணே, மணி அடிச்சது நான்!" என்று இரண்டாம் போர்ட் டிரைவரைக் கூப்பிட்டது.

"அவன் ஊரு உலகத்தோட பேசறவன். நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றது டிரைவர்.

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்ற இரண்டாம் போர்ட் மணியை அழுத்திப் பிடித்துக்கொண்டது. மணி விடாமல் அலற, டிரைவர் மோடம் வாசலுக்கே ஓடி ஓடித் திணற, கணினி மொத்தமும் உறைந்துபோனது.

"விட்றா, எல்லாரும் சாகப் போறோம்!" என்று முதல் போர்ட் கத்தியது.

"நான் தினம் சாகறேன். இன்னிக்குத்தான் உனக்குத் தெரியுதா?"

பொறியாளர் வந்து கணினியை அணைத்தார். செட்டிங்கைத் திருத்தி, இரண்டாம் போர்ட்டுக்குத் தனி மணி கொடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தார்.

புது மணி அடித்தது. டிரைவர் பழைய பழக்கத்தில் மோடம் வாசலுக்கே ஓடியது.

இரண்டாம் போர்ட் மணியிலிருந்து கையை எடுக்கவில்லை.