முன்சக்கரக் காற்று

டியூபைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தாள்.

குமிழி வரவில்லை. நகர்த்தினாள். அழுத்தினாள். மறுபடி நகர்த்தினாள்.

வந்தது. சின்னச் சின்னதாய், விடாமல்.

"அந்தா, அங்கதான்ட்டி!" என்றாள் பக்கத்தில் மிக்ஸியோடு உட்கார்ந்திருந்த பெல்சியா. தனக்கே பஞ்சர் பிடிபட்டதுபோல அவளுக்குச் சந்தோஷம்.

இளைஞர் மன்றத்தில் சேர வருகிறவர்கள், வீட்டில் பழுதாகிக் கிடக்கும் ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். தன் கையால் அதைச் சரிசெய்துவிட்டால் பேட்ஜ் கிடைக்கும். அதுதான் இங்கே வழக்கம். தகரக் கொட்டகைக்குள் குடையும் இஸ்திரிப் பெட்டியும் ஓடாத மின்விசிறியும் ஆளுக்கொன்றாகப் பிரிந்து கிடந்தன.

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அண்ணனுடையது. பின்சக்கரம் பஞ்சர்.

வீட்டில் யாரும் எடுத்துப்போகாதே என்று சொல்லவில்லை. எடுத்துப்போ என்றும் சொல்லவில்லை. அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் வீடு அப்படித்தான்.

டயரின் உட்புறத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் குத்தியது.

கருவேல முள். நுனி மட்டும்.

அன்று காலை அண்ணன் பின்சக்கரத்தை உதைத்துப் பார்த்தான். சலித்துக்கொண்டான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கூட்டாளியின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டான். உப்பளச் சாலையில் எதிரே லாரி வந்தது.

சாயங்காலம் அண்ணனைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

அரிசியைவிடச் சிறிய முள்.

தரையில் போட்டாள். இனித் தேடினாலும் கிடைக்காது.

அழுகை வரும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை. உப்புத்தாளை எடுத்து டியூபைத் தேய்த்தாள். சொல்யூஷன் தடவினாள். காயவிட்டாள். ஒட்டுத் துண்டை வைத்து அழுத்தினாள். டியூபை உள்ளே தள்ளி, டயரைப் பூட்டி, மன்றத்துப் பம்பால் காற்றடித்தாள். இறங்காமல் நின்றது.

எடிசன் வந்தான். மன்றத்தில் வேலை சொல்லித் தருகிறவன். அவளைவிடக் கொஞ்சம் மூத்தவன். வாய் ஓயாதவன்.

"ஒட்டு சும்மா கும்முனு ஒட்டியிருக்கு. சந்தையடில கடை போட்டுருவோமா, பிள்ள? நீ ஒட்டு, நான் கல்லாவுல இருக்கேன்."

பெல்சியா சிரித்தாள்.

"அப்படியே முன்வீலயும் கழட்டிரு. காத்த இறக்கிட்டு அதையும் ஒருக்கா பாத்துருவோம்."

"முன்சக்கரம் வேண்டாம்."

"ஏன்?"

"அது அண்ணன் அடிச்ச காத்து."

பெல்சியா மிக்ஸி ஜாடியைக் கீழே வைத்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முன்டயரைத்தான் தொட்டுப்பார்ப்பாள். இறுக்கமாக இருக்கும். அந்த இறுக்கத்தை விரலில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போவாள்.

எடிசன் குந்தி உட்கார்ந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான். கல் மாதிரி இருந்தது. விரலை எடுக்காமலே கேட்டான்.

"எப்ப அடிச்சது?"

"பெரிய வெள்ளிக்கு முன்னாடி."

கொட்டகை வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. எடிசன் அதைப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்.

"எட்டு மாசத்துக்கு எந்த டியூபும் தாங்காது, பிள்ள. வீட்ல யாரோ காத்தடிக்காவ."

அவள் முன்டயரைத் தொட்டாள். அதே இறுக்கம்.

கையை எடுத்துக்கொண்டாள்.

பேட்ஜைக் கொடுத்தான். சட்டையில் அவளே குத்திக்கொண்டாள். பெல்சியா கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

திரும்பும்போது ஏறி ஓட்டியிருக்கலாம். தள்ளிக்கொண்டே வந்தாள்.

வீட்டு நடையில், அதே சுவரில் சைக்கிளைச் சாய்த்தாள். உள்ளே டிவி ஓடியது. அடுக்களையில் குழாய்ச் சத்தம்.

அப்பாவா? அம்மாவா?

இருவரிடமும் கேட்டுவிடலாம். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்டு நெடுநாளாகிவிட்டது.

குனிந்தாள். முன்சக்கரத்து வால்டியூபைத் திருகிக் கழற்றினாள்.

காற்று சீறிக்கொண்டு வந்தது. முகத்தில் பட்டது. ரப்பர் வாடை. வேறெந்த வாடையும் இல்லை. அடங்கி, அடங்கி, நின்றது. டயர் தரையோடு படிந்தது.

அவள் நகரவில்லை.

டிவி நின்றது.

அப்பா வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் கைவிட்டார். துழாவினார். குனிந்தும் பார்த்தார்.

பம்ப் அங்கே இல்லை.

அடுக்களை வாசலில் அம்மா நின்றாள். கையெல்லாம் ஈரம். பம்ப் அவள் கையில் இருந்தது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து இன்னும் எடுக்காத அப்பாவின் கையைப் பார்த்தாள்.

பம்ப் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தான் கழற்றிய வால்டியூபை அவள் திரும்ப மாட்டினாள். பம்பின் குழாயை இழுத்து, அதன்மேல் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

டயர் மெல்ல எழத் தொடங்கியது.

யார் அடிக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.