பதினொரு மணி ஓட்டம்

"தினமும் சரியா பதினொரு மணிக்கு உங்க பையன் கத்திக்கிட்டே வகுப்பை விட்டு ஓடறான்மா," என்றார் தலைமையாசிரியர். மேசையில் அவனுடைய மாற்றுச் சான்றிதழ் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"வீட்டுல பரம சாது சார். ஏன் ஓடறேன்னு கேட்டா அவனுக்குச் சொல்லத் தெரியல," என்றாள் அம்மா.

"பல்கலைக்கழகத்துல இருந்து சிறப்புக் கல்விப் பேராசிரியை மூணு நாளா வகுப்புல உட்கார்ந்து கவனிக்கிறாங்க. அவங்க சொல்லட்டும்."

பேராசிரியை குறிப்பேட்டுடன் உள்ளே வந்தார். "இன்னிக்கும் பதினொரு மணிக்கு ஓட்டம்தான் சார். வராந்தா முனையிலதான் போய் நின்னது."

அம்மா பதறி எழுந்தாள். "ஒரு வாரம் பொறுத்துக்கோங்க மேடம். நான் திருத்திடறேன்."

"இன்னிக்குப் பையன் ஓடலைம்மா. கடைசி பெஞ்சுல என் இடத்துல உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கிட்டிருந்தான். அவன் இடத்துல நான் உட்கார்ந்தேன். ஓடினது நான்."

தலைமையாசிரியர் நிமிர்ந்தார்.

"அவன் சாஞ்சுக்கிற சுவருக்குப் பின்னாலதான் உங்க தண்ணி மோட்டார். பதினொண்ணுக்குப் போட்டதும் மண்டைக்குள்ள ரம்பம் ஓடுது. மத்த பெஞ்சுல அவ்வளவாத் தெரியல."

தலைமையாசிரியர் சான்றிதழை இரண்டாகக் கிழித்தார். "பெஞ்சை இன்னிக்கே மாத்திடறேன்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்களும் கத்தினீங்களா மேடம்?"

பேராசிரியை குறிப்பேட்டை மூடினார். "அவனை விடக் கொஞ்சம் சத்தமா."