பால்கனி ரசிகர்

இரண்டாவது ஆம்பிளிஃபயரிலும் அந்த இரைச்சல் வந்தது.

ராஜ்மோகன் பாட்டை நிறுத்தினான். பாடகியின் குரலுக்கு அடியில், யாரோ விட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவதுபோல் ஒரு 'புஸ்ஸ்'. காலையில் போட்டுப் பார்த்த வால்வு ஆம்பிளிஃபயரிலும் இதே கதைதான்.

அவன் எதிரே ஆள் உயரத்துக்கு நின்றன இரண்டு எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்கள். பெட்டி கிடையாது. கதவு மாதிரி ஒரு சட்டம், அதற்குள் பூண்டுத் தோலைவிட மெல்லிய ஒரு தாள். அது அதிர்ந்துதான் பாட்டு வரும். பாடகி எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும்.

கொடைக்கானல் பனியின் ஈரம் அந்தத் தாளுக்கு ஆகாது. அதனால் இந்த அறைக்கு ஹீட்டர் உண்டு. மாடிக்குக் கிடையாது. மாடியில் கம்பளி இருக்கிறது.

இந்த ஸ்பீக்கர்கள் எல்லா ஆம்பிளிஃபயரோடும் ஒத்துப்போவதில்லை. மேல்ஸ்தாயிக்குப் போனால் பல திணறிவிடும். அதனால்தான் கோயம்புத்தூர் கடைக்காரர் ஆனந்த் இரண்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். மற்றதை எடுத்துப்போக மதியம் வேன் வரும்.

போனில் ஆனந்த் சொன்னார்: "ஆம்ப் மேல தப்பில்லைங்க சார். வீட்டுல ஏதோ மோட்டார் ஓடுது, அது லைன்ல கலக்குது. ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாருங்க."

ஃபிரிட்ஜை அணைத்தான். இரைச்சல் போகவில்லை. தண்ணீர் மோட்டாரை அணைத்தான். போகவில்லை.

மிச்சம் இருந்தது மாடி லைன்.

மாடியில் அவனுடைய அப்பா காசிநாதன் படுத்திருந்தார். மேல்மலையில் பூண்டுக்கு மருந்தடித்தே நுரையீரலைத் தொலைத்தவர். ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. வாய்விட்டுக் கூப்பிடக்கூடக் குரல் எழும்பாது. கரண்ட் போனால் அலறுகிற அலாரம் ஒன்று மெஷினில் இருந்தது. காது கூசுகிறது என்று ராஜ்மோகன்தான் அதைக் கழற்றச் சொன்னான்.

அவனைக் கல்நெஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் நின்று யோசிக்கத்தான் செய்தான்.

இங்கே காற்றடித்தால் கரண்ட் போகும். மழை பெய்தால் போகும். சும்மாவும் போகும். அப்போதெல்லாம் அவன் பாட்டு நின்ற எரிச்சலில் தோட்டத்துக்குப் போய் சிகரெட் பிடிப்பான். திரும்பி வரும்போது அப்பா நன்றாகத்தான் இருப்பார். அத்தனை தடவை தாங்கியவர் ஒரு பாட்டு நேரம் தாங்க மாட்டாரா என்ன?

அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பாண்டிச்செல்வி சந்தைக்குப் போயிருந்தாள். இருந்திருந்தாலும் அவளிடம் போய் எதையும் கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

மாடி லைனை அணைத்தான்.

இரைச்சல் நின்றது. கழுவித் துடைத்துவிட்டது மாதிரி ஆகிவிட்டது பாட்டு. ராஜ்மோகன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

பாட்டு பாதிக்கு வந்தபோது அது கேட்டது.

டக் டக். கொஞ்சம் விட்டு, டக்.

அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லூரி நாட்களிலிருந்து கேட்கிற பழைய கச்சேரிப் பதிவு இது. இந்தத் தட்டல் ஒரு தடவைகூடக் காதில் விழுந்ததில்லை. சபாவில் யாரோ நாற்காலிக் கையில் தாளம் போடுகிறார். இந்த ஆம்பிளிஃபயர் அதைத் தோண்டி எடுத்துக் கொடுக்கிறது! அதுவும் எங்கிருந்து? மேலேயிருந்து. ஆசாமி பால்கனியில் உட்கார்ந்திருக்கிறார். உயரத்தைக்கூடக் காட்டுகிற ஆம்பிளிஃபயர் இப்படி ஒன்று இருக்கும் என்று அவன் நம்பியதே இல்லை.

டக் டக். டக்.

தாளம் தெரியாத ஆள். பாட்டு ஒரு பக்கம் போகிறது, இவர் ஒரு பக்கம் தட்டுகிறார். ராஜ்மோகன் தனக்குள் சிரித்துக்கொண்டான். டிக்கெட் காசு தண்டம், பாவம்.

பாட்டை மறுபடி போட்டான். தட்டல் இருந்தது. ஆனால் தேய்ந்துபோய், இங்கொன்றும் அங்கொன்றுமாக.

இன்னொரு முறை போட்டான். சுத்தமாக இல்லை.

தலையைச் சாய்த்துக் கேட்டான். வால்யூமை ஏற்றிக் கேட்டான். பாடகி இருந்தாள். வயலின் இருந்தது. பால்கனி ரசிகர் மட்டும் எழுந்து போய்விட்டார்.

ஏமாற்றம் ஆத்திரமாக மாறியது. ஆனந்தைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான்.

"சூடானதும் உங்க ஆம்ப் நுணுக்கத்த விட்டுடுது. மொதல்ல அவ்வளவு தெளிவா ஒரு தட்டு கேட்டுச்சு, இப்ப இல்ல. கேளுங்க, இப்படி." மேசையில் விரலால் தட்டிக் காட்டினான். டக் டக். கொஞ்சம் விட்டு, டக். "இத நீங்களே வச்சுக்குங்க. வேன்ல ஏத்திவிட்டுர்றேன்."

அறை வாசலில் நிழல் விழுந்தது. பாண்டிச்செல்வி. சந்தைப் பை இன்னும் கையிலேயே இருந்தது. அவள் அவன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்கய்யா, பெரியவரு மாதிரியே தட்டுறீங்க? கரண்டு போச்சுன்னா டம்ளர வச்சு கட்டில் கம்பியில இப்படித்தான் தட்டுவாரு. நான் வெரசா ஓடி ஆக்சிஜன் சிலிண்டரத் தெறந்துவிடுவேன். இப்ப கரண்டுதான் இருக்கே, பாட்டு ஓடுதே..."

ராஜ்மோகன் மேலே பார்த்தான்.

"சார், எனக்குச் சரியா கேக்கலைங்க" என்றது மேசைமேல் இருந்த போன். "இன்னொரு தடவ தட்டிக் காட்டுங்க."